ஸ்கேன் கவருக்குக் கீழே இருக்கும் தாள்

கல்லீரல் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். ஈரல் புற்றுக் கட்டிக்கு அப்லேஷன் என்ற சிகிச்சை முடிந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவர்கள் ஸ்கேன் கவரை நீட்டிக்கொண்டே கேட்பது, "கட்டி திரும்ப வந்திருக்கா சிஸ்டர்?" நியாயமான பயம்தான். ஐந்து ஆண்டுக்குள் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஈரலில் எங்காவது புதிதாக முளைக்கிறது. நான் முதலில் தேடுவது அதற்குக் கீழே இருக்கும் ரத்த ரிப்போர்ட்டை. அதிலும் அல்புமின்; ஈரல் தயாரிக்கும் புரதம் அது, குறைந்தால் ஈரல் தளர்கிறது என்று அர்த்தம்.

3 செ.மீ.க்குள் இருக்கும் கட்டியை ஊசி வழியே சூடேற்றிக் கருக்குவதுதான் இந்தச் சிகிச்சை. 60 டிகிரியைத் தாண்டினால் செல்கள் உடனே செத்துவிடும். சுற்றிலும் ஒரு செ.மீ. வரை நல்ல ஈரலும் சேர்ந்து போகும், மிச்சம் அப்படியே இருக்கும். மறுநாள் ஈரல் செல்கள் சிதையும்போது ரத்தத்தில் கூடும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. எகிறுவதைப் பார்த்து வீட்டார் பதறுவார்கள். அது பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் இறங்கிவிடும். எனக்குக் கவலை தருவது மெதுவான சரிவு: அல்புமின் 3.8, அப்புறம் 3.4, அப்புறம் 3.1. பெரும்பாலும் அதற்குக் காரணம் ஊசி இல்லை. மஞ்சள் காமாலை வைரஸோ குடியோ சர்க்கரையோடு வரும் கொழுப்போ முன்பே உண்டாக்கிய சிரோசிஸ்தான், அதாவது ஈரல் தழும்பேறி இறுகிப்போவது. ஈரல் தளர்ந்துவிட்டால், அடுத்த கட்டி சின்னதாக இருந்தாலும் மறுபடி ஊசி போடுவது கஷ்டம்.

ஹெபடைட்டிஸ் பி உள்ள ஒரு பெரியவர். கையில் இருந்த வாட்ச் முழங்கைப் பக்கம் நழுவிக்கொண்டிருந்தது. நெற்றிப்பொட்டு குழிந்திருந்தது. "என்னம்மா சாப்பிடுறார்?" என்றேன் மனைவியிடம். "கஞ்சிதான் சிஸ்டர். முட்டை, பருப்பு எல்லாம் ஈரலுக்கு ஆகாதுன்னு பத்தியமா வச்சிருக்கேன்." அந்த வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மாத்திரையையும் விட்டிருந்தார்கள், கட்டிதான் போய்விட்டதே என்று.

அந்த அம்மா மேல் எனக்குக் கோபமே வரவில்லை. அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார், பார்த்த திசைதான் வேறு. சிரோசிஸ் உள்ளவர் ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்தால் உடம்பு தன் தசையைக் கரைத்துத்தான் சமாளிக்கும். அதனால் முட்டை, பருப்பு, சுண்டல், படுக்கும் முன் பாலோடு இரண்டு இட்லி என்று எழுதிக் கொடுத்தேன். உப்பு மட்டும் குறைவாக. மாத்திரையை டாக்டர் அன்றே மறுபடி ஆரம்பித்தார். டாக்டர் சொல்லாமல் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று இருவருக்கும் அழுத்திச் சொன்னேன்.

ஆறேழு மாதத்தில் அல்புமின் 3.5 வந்தது. பிறகு ஒரு ஸ்கேனில் 2 செ.மீ. அளவில் புதுக் கட்டி தெரிந்தது. டாக்டர் ரத்த ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி அப்லேஷனுக்கே தேதி குறித்தார்.