அரியலூர்க் கல்லில் நீலம் வந்துவிட்டது!

அரியலூர் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல் இது. தேய்த்த கல்லைச் சாயத்தில் முக்கினால், அதன் முக்கியக் கனிமமான கால்சைட் சிவக்கும், இரும்பு கலந்த கால்சைட் நீலமாகும். நத்தைக்கூடு இருந்த குழிக்குள் ஓரமெல்லாம் சிவப்பு, நடுவில் ஊதாவில் தொடங்கி நல்ல நீலம். இவ்வளவு தெளிவான பிரிவை என் கல் எதிலும் நான் பார்த்ததில்லை.

பெங்களூரு பக்கத்து ஜிகணியில் ஒரு கிரானைட் பட்டறையில் அறுத்து வாங்கினேன். கார்பரண்டம் தூளால் தேய்ப்பது எல்லாருக்கும் தெரிந்ததே, 1000 நம்பர் நைஸ் தூளோடு நிறுத்திக்கொண்டேன். சூட்சுமம் சாயத்தில்தான். 1.5 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 100 மில்லிக்கு அலிசரின் ரெட் எஸ் என்ற சிவப்புச் சாயம் 0.2 கிராம், இன்னொரு 100 மில்லிக்குப் பொட்டாசியம் ஃபெரிசயனைடு 2 கிராம் (இரும்பைப் பிடித்து நீலம் தருவது இதுதான்). இரண்டையும் 3:2 என்று கலந்து, கல்லை 30 முதல் 45 விநாடி முக்க வேண்டும். ஃபெரிசயனைடை அன்றன்றைக்கே கரைக்க வேண்டும். பெங்களூரு டிசம்பர்க் காலைக் குளிரில் சாயம் மந்தமாகவே பிடிக்கும். வெயில் ஏறிய பிறகு பால்கனியில் வைத்துச் செய்தால்தான் அழகு. கழுவும்போது தண்ணீரில் ஒரே முக்கு. துடைக்கக் கூடாது, விரலும் படக் கூடாது. சாயம் பாலாடை போல மேலாகத்தான் நிற்கிறது.

இனி அந்த நீலத்துக்கு வருவோம். நத்தைக்கூடு அரகோனைட். அதுவும் கால்சைட் போலக் கால்சியம் கார்பனேட்தான், ஆனால் எளிதில் கரையும். அது கரைந்து குழியானது. பக்கத்திலிருக்கும் கிரைஃபியா என்ற புதைபடிவச் சிப்பி கால்சைட், அதனால் அப்படியே நிற்கிறது. குழியின் சுவரில் முதலில் படிந்த கால்சைட்டில் இரும்பு இல்லை. ஆக்ஸிஜன் உள்ள நீரில் இரும்பு துருவாகவே இருக்கும், படிகத்துக்குள் நுழையாது. வண்டல் புதைந்து, பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனைத் தின்று தீர்த்த பிறகு, இரும்பு ஃபெரஸ் (Fe²⁺) வடிவில் கரைந்து கால்சியத்தின் இடத்தில் உட்காருகிறது. நீலம் காட்டுவது அந்த இரும்பைத்தான். அங்கே சல்ஃபைடு நிறைய இருந்திருந்தால் இரும்பு முழுவதும் பைரைட்டாக, அதாவது பொன்னிற இரும்பு சல்ஃபைடாகப் போயிருக்கும். ஓரத்தில் ஒன்றிரண்டு பொன்னிறப் புள்ளிகள் இருக்கின்றன, அவற்றை இன்னும் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

பீல் எடுப்பதுதான் பாக்கி, அதாவது அசிட்டோனில் இளகிய அசிடேட் ஷீட்டைக் கல்லின்மேல் ஒட்டி, உரித்துப் பதிவெடுப்பது. அசிடேட் ஷீட் என்று கேட்டு வாங்கியது பாலியஸ்டர். அசிட்டோன் ஊற்றினால் அசையவே இல்லை. வாங்குமுன் ஒரு மூலையில் சொட்டு விட்டுப் பாருங்கள், அசிடேட் என்றால் உடனே இளகும். நல்ல ஷீட் கிடைக்குமிடம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அதற்குள் அடுத்த கல்லுக்குக் கை பரபரக்கிறது. கடப்பாவின் வேம்பள்ளி டோலமைட் ஒரு துண்டு கேட்டிருக்கிறேன். டோலமைட், மெக்னீசியமும் சேர்ந்த கார்பனேட், அலிசரினில் சிவக்காது. அதற்குள் மிச்சமிருக்கும் கால்சைட் மட்டும் சிவந்து காட்டும். ஸ்ட்ரோமடோலைட் அடுக்குகளில், அதாவது பழங்கால நுண்ணுயிர்ப் படலங்கள் உருவாக்கிய அடுக்குகளில், அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.