மத்தியதரைத் தீவுக்குப் பெட்டி கட்டும் முன்

பிரான்சில் இருக்கும் அக்கா வீட்டுக்கோ சித்தப்பா வீட்டுக்கோ போகும் புதுச்சேரிக்காரர்கள், அப்படியே மத்தியதரைக் கடல் தீவுகளான கோர்சிகா, மால்ட்டா, கிரீட் என்று ஒரு வாரம் சுற்றி வர ஆசைப்படுவது உண்டு. நல்ல யோசனைதான், பெட்டிதான் தப்பாகிவிடுகிறது. ஐரோப்பா என்றதும் ஜூலையில் மூன்று ஸ்வெட்டர். கடற்கரை என்றதும் டிசம்பரில் வெறும் அரைக்கைச் சட்டை. போனில் காட்டும் டிகிரி பாதிச் சேதிதான். கடல்நீர் எவ்வளவு சூடு, காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்பதையும் பார்த்துவிட்டுத் துணி எடுங்கள்.

கடல்நீர் மெதுவாகத்தான் சூடேறும், மெதுவாகத்தான் ஆறும். கிரீட்டில் மே மாதமும் அக்டோபரும் பகலில் ஏறக்குறைய ஒரே மாதிரி, 24 டிகிரி சுமார். ஆனால் நீர் மே மாதத்தில் 19, 20, அக்டோபரில் 23. நம்ம ஊர்க் கடல் தை மாதத்தில்கூட 26-க்குக் கீழே அநேகமாக இறங்காது. அதில் குளித்துப் பழகிய குழந்தைகளுக்கு 19 டிகிரி நீரில் பத்து நிமிடத்தில் உதடு நீலமாகிவிடும். குளிப்பதுதான் முக்கியம் என்றால் செப்டம்பரில் போங்கள். மே மாதம்தான் லீவு என்றால் பிள்ளைகளுக்கு அரைக்கை வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் நீச்சல் உடை) கட்டாயம்.

ஜூலை, ஆகஸ்டில் கிரீஸை ஒட்டிய ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று அடிக்கும். வானத்தில் மேகமே இருக்காது, ஆனால் வடக்குப் பார்த்த கடற்கரையில் நிற்க முடியாது. மணல் முகத்தில் அறையும். காற்றின் வேகத்தைக் குறிக்கும் பியூஃபோர்ட் அளவில் 8-ஐத் தொட்டால் ஃபெர்ரிகளை நிறுத்திவிடுவார்கள். அதனால் சின்னத் தீவிலிருந்து கிளம்பிய அன்றே விமானம் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள், நடுவில் ஓர் இரவு விடுங்கள். தொப்பிக்குத் தாடைக் கயிறு வேண்டும். ஆளுக்கொரு மெல்லிய விண்ட்சீட்டர் போதும், ஸ்வெட்டர் வேண்டாம். வசந்த காலத்தில் தெற்கிலிருந்து வரும் சிரோக்கோ என்ற காற்று சகாராப் புழுதியையும் சேர்த்துக் கொண்டுவரும். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரைக் கைப்பையில் வையுங்கள்.

இங்கே வியர்வை உடம்போடு ஒட்டிக்கொள்ளும். அங்கே கோடையில் அது உடனே காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது. சாயங்காலம் தலைவலி வந்தபிறகுதான் புரியும். நாலைந்து ஓஆர்எஸ் பாக்கெட் எடுத்துப் போங்கள். கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்திருப்பார்கள், எனவே உச்சிவெயில் பன்னிரண்டுக்கு இல்லை, ஒன்று முதல் ஒன்றரைக்கு. சன்ஸ்கிரீனை உடம்பு முழுக்க ஒருமுறை சரியாகப் பூசினால் 30 மில்லி ஆகும், 200 மில்லி புட்டி ஆறேழு தடவைக்குத்தான் வரும். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள்.

மழையைப் பற்றி ரொம்பப் பயப்பட வேண்டாம். 2024-இல் ஃபெஞ்சல் புயலின்போது புதுச்சேரியில் ஒரே நாளில் கொட்டியது சுமார் 48 சென்டிமீட்டர். மால்ட்டாவில் வருஷம் முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 55. அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் பிப்ரவரிக்குள். ஜூலையில் குடையே தேவையில்லை. குளிர்காலத்திலும் காற்றில் குடை திரும்பிக்கொள்ளும், ரெயின்கோட்டுதான் சரி.

குளிர்காலத்தில் உண்மையான தொல்லை வீட்டுக்குள்தான். பழைய கல்வீடுகளில் பல இடங்களில் ஹீட்டர் சரியாக இருக்காது. வெளியே 15 டிகிரி வெயில், உள்ளே ஈரக்குளிர். துவைத்த துணி இரண்டு நாளானாலும் காயாது. தெர்மல் உள்ளாடை இரண்டு செட், கனமான சாக்ஸ், வீட்டுக்குள் போட ஒரு செருப்பு. மலைக்குப் போவதானால் எந்த மாதமும் ஒரு ஸ்வெட்டர் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும், கோர்சிகாவின் மோந்தே சிந்தோ மலை 2,706 மீட்டர்.

கூழாங்கல் கடற்கரைகள் நிறைய, பாறையிடுக்கில் முள் பந்து போன்ற கடல் முள்ளெலி. ரப்பர் ஷூ இல்லாமல் இறங்க வேண்டாம். கனத்த டர்க்கி டவலுக்குப் பதில் ஞாயிறு சந்தையில் வாங்கிய இரண்டு கைலி போதும்: துவட்டலாம், விரிக்கலாம், மறைவாக உடை மாற்றலாம், அரை மணியில் காயும். தேவாலயத்துக்குள் நுழையும்போது தோளையும் மூடிக்கொள்ளலாம்.

மின்சாரம் இங்கே போலவே 230 வோல்ட். நம்ம மெல்லிய இரண்டு முள் சார்ஜர் கோர்சிகா, கிரீட், சிசிலியில் நேராகச் செருகும். மால்ட்டாவிலும் சைப்ரஸிலும் பிரிட்டிஷ் சதுர மூன்று முள், அதற்கு அடாப்டர் வேண்டும். பவர் பேங்க் கைப்பையில்தான்.

உறவுக்காரர்களுக்கு எடுத்துப் போவதில் கவனம். நெய், பால்கோவா, இறைச்சி எதுவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகக் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, முருங்கைக்காய், மாம்பழத்துக்குத் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, துரியனுக்கு மட்டும் வேண்டாம். குடல் எடுத்து உலர்த்திய கருவாட்டுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை தடையில்லை. நாலு சுற்று பிளாஸ்டிக் போட்டுக் கட்டுங்கள், இல்லாவிட்டால் பெட்டியைத் திறந்ததும் கடலூர் முதுநகர் மீன் சந்தை மாதிரி மணக்கும்.