நல்ல காலுக்கு வந்த வலி

எங்கள் வீட்டில் என் வலது காலுக்கு நல்ல கால் என்றுதான் பேர். இடது கால் சூம்புன கால். "நல்ல காலை முதல்ல ஊனி ஏறுளா" என்று அம்மா படிக்குப் படி சொல்லிச் சொல்லி எனக்கும் அதுவே பழகிவிட்டது. நாற்பத்தெட்டு வயதில் வலிக்கத் தொடங்கியது அந்த நல்ல கால். என்னவென்று கண்டுபிடிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். சூம்பின கால் வலித்திருந்தால் யாருக்காவது போலியோ ஞாபகம் வந்திருக்கும்.

எனக்கு இளம்பிள்ளை வாதம், அதாவது போலியோ, வந்தது 1974ல், இரண்டு வயதில். மூன்று நாள் காய்ச்சல். பின்பக்கம் ஊசி போட்டார்கள். மறுநாள் காலையில் தொட்டிலிலிருந்து இறக்கி நிறுத்தினால் இடது கால் துவண்டு மடங்கியது. ஊசியால்தான் பிள்ளைக்குக் கால் போயிற்று என்று அம்மா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது காலைத் தாங்கிப் பிடிக்க இரும்புக் கம்பியும் தோலுமாக ஒரு காலிப்பர் போட்டிருந்தேன். தெருவில் நான் வருவது எனக்கு முன்னாலேயே எல்லாருக்கும் கேட்டுவிடும். பத்தாவது முடித்ததும் கழற்றி மச்சில் போட்டேன். அதன்பிறகு இடது கையைத் தொடையில் அழுத்தி, முட்டி மடங்காமல் பிடித்துக்கொண்டு நடந்தேன். என் பழைய சேலைகளை விரித்துப் பார்த்தால் அந்தக் கை படும் இடத்தில் மட்டும் நூல் நைந்து வெளிச்சம் தெரியும்.

கல்லிடைக்குறிச்சியில் முப்பது வருஷத்துக்கு மேலாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அப்பாதான் மிஷின் வாங்கிக் கொடுத்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போன ராமகிருஷ்ணன் 1981ல் ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கியதை அப்பா அடிக்கடி சொல்வார். "அவரு அம்புட்டுச் செய்யுதாரு. உனக்கு ஒரு கால்தானட்டி" என்பார். யார் தயவும் இல்லாமல் நிற்க வேண்டும் என்ற வைராக்கியம் அப்படி வந்ததுதான். மிஷினை மிதித்தது நல்ல கால். கடைக்கு நடந்தது, குடம் தூக்கியது, இரண்டு பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றது எல்லாமே நல்ல கால்.

2020 ஊரடங்கில் முகக்கவசம் தைக்க ஆர்டர் வந்தது. கடை சாத்தியிருந்த காலத்தில் வந்த வருமானம், விட மனசில்லை. காலையிலிருந்து ராத்திரி பத்து மணிவரை மிதித்தேன். அந்த ஆவணியில் வலது தொடையில் ஒரு கனம் தெரிந்தது. பிறகு ராத்திரி கெண்டைக்கால் சுருட்டி இழுக்கும். தொடையில் தோலுக்கு அடியில் புழு நெளிவதுபோல் சதை துடிக்கும். மதியம் மூன்று மணி ஆனால் உடம்பு அப்படியே அவிந்துபோகும். தூக்கமல்ல, திரி எரிந்துகொண்டிருக்கும்போதே எண்ணெய் வற்றியதுபோல. வாசல்படியில் இரண்டு தடவை விழுந்தேன்.

ஒருவர் எலும்புத் தேய்மானம் என்று கால்சியம் மாத்திரை எழுதினார். இன்னொருவர் வலி ஊசி போட்டார், இரண்டு நாள் கேட்டது. வயசாயிட்டுல்லா என்றார் மூன்றாமவர். இவர்கள் யாரையும் நான் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. இந்தியாவில் கடைசியாக ஒரு பிள்ளைக்கு இயற்கையான போலியோ வைரஸ் வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில். 2014 மார்ச்சில் போலியோ இல்லாத நாடு என்று சான்று கிடைத்தது. இன்றைக்கு மருத்துவம் படித்து வருகிறவர்களுக்குப் போலியோ ஒரு பாடம். நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்பதே பலருக்குத் தோன்றுவதில்லை. கோபம் வருவது ஒரு இடத்தின் மேல்தான். கால் பலவீனமாகிவிட்டது, பலப்படுத்த வேண்டும் என்று கணுக்காலில் மணல் மூட்டை கட்டி, நடுங்கும்வரை தூக்கச் சொன்னார்கள். பத்து நாள் வைராக்கியமாகத் தூக்கினேன். பதினோராம் நாள் கக்கூஸிலிருந்து எழுந்திருக்க மருமகளைக் கூப்பிட்டேன். அந்தப் பலம் முழுதாகத் திரும்பி வரவேயில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு டாக்டர்தான் முதல் கேள்வியாக, "சின்ன வயசுல போலியோ வந்து எத்தனை வருஷம் நல்லா இருந்தீங்கம்மா?" என்று கேட்டார். தைராய்டு, வைட்டமின் டி, பி12, சதை நொதி எல்லாம் ரத்தத்தில் பார்த்தார்கள். முதுகுத்தண்டுக்கு ஸ்கேன். பிறகு இரண்டு காலிலும் ஊசி மாதிரி மின்முனையைக் குத்தி, சதையின் மின்துடிப்பைப் பார்க்கும் ஈஎம்ஜி எடுத்தார்கள். வலித்தது, பொறுத்துக்கொள்ளும் வலிதான். நல்ல காலிலும் பழைய போலியோவின் தடயம் இருந்தது. நாற்பத்தேழு வருஷமாக நல்ல கால் என்று நம்பியிருந்த காலில்!

அவர் விளக்கியதை அப்படியே சொல்கிறேன். போலியோ வைரஸ் முதுகுத்தண்டில் சதையை இயக்கும் நரம்பு செல்களைக் கொல்கிறது. பிழைத்த செல்கள் சும்மா இருப்பதில்லை. செத்த செல்லை நம்பியிருந்த சதை நார்களுக்கும் புதுக் கிளை விட்டுப் பல மடங்கு பாரம் ஏற்றுக்கொள்கின்றன. பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டில் சந்தோஷப்படுவது அப்போதுதான். பத்து மாட்டு வேலையை மூன்று மாடு இழுப்பதுபோல அவை வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் கிளைகளை ஒவ்வொன்றாக விட்டுவிடுகின்றன. இதற்குப் பேர் போஸ்ட் போலியோ சிண்ட்ரோம். பதினைந்து வருஷமாவது நிலையாக இருந்த பிறகு, புதிதாகப் பலவீனம் வந்து ஒரு வருஷத்துக்கு மேல் நீடித்து, வேறு காரணம் எதுவும் கிடைக்காவிட்டால்தான் இந்தப் பேரை வைப்பார்களாம். குணமாக்கும் மருந்து இல்லை. மெதுவாகத்தான் கூடிக்கொண்டு போகும், உயிருக்கு ஆபத்தான வேகம் கிடையாது என்றார். அம்மாவின் ஊசிக் கதையையும் கேட்டேன். வைரஸ் உடம்பில் இருக்கும் நேரத்தில் சதையில் ஊசி போட்டால் அந்தக் காலில் வாதம் வரும் வாய்ப்பு கூடும், உங்க அம்மா சொன்னதை ஒரேயடியாகத் தள்ள முடியாது என்றார். அதைக் கேட்க அம்மா இல்லை.

மருமகள் தனியாக வந்து, "அத்தே, பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடாதுல்லா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். ஒட்டாது. வைரஸ் திரும்பி வந்த நோயில்லை இது. கேட்டதற்காக அவளை நான் மெச்சினேன். கேட்காமல் பிள்ளைகளைத் தள்ளி வைத்திருந்தால் நான் தாங்கியிருக்க மாட்டேன்.

மருந்து இல்லையென்றால் என்னதான் செய்வது? பிசியோதெரபி செய்யும் பெண் ஒரு நோட்டு போடச் சொன்னாள். கடை ஆர்டர் நோட்டிலேயே பின்பக்கத்திலிருந்து எழுதினேன். ஒரு பக்கம் இப்படி இருக்கிறது: 'செவ்வாய். லைனிங் பிளவுஸ் 4. போஸ்ட் ஆபீசுக்கு நடை. வலி இல்லை. புதன். வேலை கம்மி. ராத்திரி ஒன்றரைக்குக் கெண்டைக்கால் இழுத்தது.' இரண்டு வாரம் எழுதியதும் பிடிபட்டது. வலி செய்த அன்றைக்கு வருவதில்லை, ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் கழித்து வருகிறது. இத்தனை மாதம் புதன்கிழமையைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன், தப்பு செவ்வாய்க்கிழமையில் இருந்தது.

வலியைப் பிரித்துப் பார்க்கவும் அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். தோளும் மணிக்கட்டும் வலிப்பது ஊன்றி ஊன்றி மூட்டும் தசைநாரும் நொந்ததால். இடுப்பு வலிப்பது சாய்ந்து நடப்பதால். தொடை கனத்து, துடித்து, ராத்திரி இழுப்பதுதான் அளவுக்கு மிஞ்சி உழைத்த சதை. முதல் இரண்டுக்கும் ஒத்தடம், கைப்பிடி, உட்காரும் உயரம் என்று வழி இருக்கிறது. மூன்றாவதற்கு ஓய்வு மட்டும்தான். அந்த வலியை மாத்திரை போட்டு அமுக்கிவிட்டு வேலை பார்ப்பதுதான் ஆகாது.

"களைச்ச பொறவு உக்காராதீங்கக்கா, களைக்கிறதுக்கு முன்னால உக்காருங்க" என்றாள். சொல்ல எளிது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். இன்னும் இரண்டு அங்குலம் தைத்தால் பிளவுஸ் கை முடிந்துவிடும் என்னும்போது அலாரம் அடிக்கும். மிஷினில் துணியை அப்படியே விட்டுவிட்டு எழுந்து போக முதல் மாதம் அழுகையாக வந்தது. இப்போது மிஷினுக்கு மோட்டார் வைத்தாயிற்று. இருபத்தைந்து நிமிஷம் தைப்பு, பிறகு காலை நீட்டி உட்கார்ந்து கொக்கி கட்டுவது, ஹெம்மிங். கட்டிங்கை நின்று செய்வதில்லை, மேஜைக்கு ஏற்ற உயரத்தில் ஸ்டூல். மதியம் ஒரு மணி நேரம் கண்டிப்பாகப் படுக்கை. அடுக்களையிலும் ஒரு ஸ்டூல் இருக்கிறது. உடற்பயிற்சி உண்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், எடை எதுவும் இல்லாமல். மறுநாள் வலியோ சோர்வோ மிச்சம் இருந்தால் அளவு கூடிவிட்டது என்று கணக்கு, பாதியாகக் குறைக்க வேண்டும்.

காலிப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். திரும்பப் போடச் சொன்னபோது மச்சில் கிடந்த இரும்பு ஞாபகம் வந்து, முடியாது என்றேன். இப்போது பிளாஸ்டிக்கில் காலின் அச்செடுத்துச் செய்கிறார்கள். சேலைக்குள் வெளியே தெரியாது, சத்தம் கிடையாது. முதல் நாள் போட்டுக்கொண்டு எங்கள் தெருவில் நான்கு வீடு நடந்தேன். கை தொடைக்குப் போகவில்லை. இரண்டு கையும் சும்மா வீசிக்கொண்டிருந்தது. சூம்பின கால் தன் பங்கைச் சுமந்ததும் நல்ல காலின் வலியில் பாதி குறைந்தது. பதினாறு வயதில் கழற்றாமல் இருந்திருந்தால் என்று நினைக்காத நாளில்லை.

குளிர் எங்களுக்கு ஆகாது. ஆனி, ஆடியில் பொதிகையிலிருந்து சாரல் காற்று இறங்கும்போது இடது பாதம் நீலம் பூத்து ஐஸ்கட்டியாகிவிடும், சதை சொன்னபடி கேட்காது. காலுறையும் வெந்நீரும்தான் துணை. கோடையில் மட்டும் தாமிரபரணி எனக்கு மருந்து. வைகாசி வெயிலில் தண்ணீர் இதமாக இருக்கும். தங்கச்சி பிடித்துக்கொள்ள, நெஞ்சளவுத் தண்ணீரில் படித்துறையில் உட்கார்ந்து பத்து நிமிஷம் காலை அசைப்பேன். தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் தரையில் முடியாத அசைவு அங்கே முடிகிறது. படியில் பாசி இருக்கும், ஆள் துணையில்லாமல் இறங்கியதில்லை.

என்னைப் போன்றவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எந்த ஆபரேஷனாக இருந்தாலும், போலியோ வந்த உடம்பு என்று மயக்க மருந்து டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மயக்க மருந்தும் சதையைத் தளர்த்தும் மருந்தும் எங்களுக்குக் கூடுதலாக வேலை செய்யக்கூடும். காலையில் எழும்போதே தலைவலி, படுத்தால் மூச்சு வாங்குவது இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். இதை ஒரு சீட்டில் எழுதி, மாற்றுத்திறனாளி அட்டையோடு பர்ஸில் வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு முன்பெல்லாம் தொண்ணூறு பிளவுஸ் வரை வாங்குவேன். போன வருஷம் நாற்பதோடு நிறுத்தினேன். வழக்கமாக வருகிறவர்களில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள், மனசு கஷ்டமாகத்தான் இருந்தது. ஒரு டீச்சரம்மா மட்டும், "பையத் தைங்க, பொங்கலுக்குப் போட்டுக்கிடுதேன்" என்று துணியை வைத்துவிட்டுப் போனார். தீபாவளிக்கு மூன்று நாள் முன்னாலேயே நாற்பதாவது பிளவுஸுக்குக் கொக்கி கட்டி முடித்தேன். அன்று ராத்திரி கெண்டைக்கால் இழுக்கவில்லை. மறுநாள் ராத்திரியும், அதற்கடுத்த ராத்திரியும் இழுக்கவில்லை.