எடின்பரோ புது நகரில் ஒரு தடுப்புச் சுவரை அகற்ற அனுமதி பெற்ற அனுபவம்

ஜேம்ஸ் கிரெய்க் 1767இல் வகுத்த திட்டத்தின்படி எழத் தொடங்கிய எடின்பரோவின் புது நகர், பழைய நகரோடு சேர்ந்து 1995 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. அங்குள்ள மணற்கல் வீடுகளில் பல, ஒரே குடும்பம் வாழக் கட்டப்பட்டவை: தரைக்குக் கீழே சமையல்கட்டு, முதல் மாடியில் விருந்தினர் கூடம், உச்சியில் பணியாட்களின் அறைகள். பிற்காலத்தில் அவை மாடிவாரியாகத் தனித்தனிக் குடியிருப்புகளாகப் பிரிக்கப்பட்டன.

நாங்கள் வாங்கியது அத்தகைய வீடொன்றின் முதல் மாடியை. தெருவைப் பார்த்த மூன்று உயரமான சன்னல்கள் கொண்ட கூடத்தை, முன்பிருந்தவர்கள் தடுப்பு வைத்து இரண்டு அறைகளாக்கியிருந்தார்கள். கூடத்தின் நடுவே தெரிய வேண்டிய விதானப் பூவேலை, தடுப்பையொட்டி ஒரு படுக்கையறையின் ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. அந்தக் கூடத்தை அதன் முழு அளவில் மீட்டே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வீடு பட்டியலிடப்பட்ட கட்டடம், அதாவது அதன் சிறப்புக்காகச் சட்டப் பாதுகாப்புப் பெற்ற கட்டடம். அத்தகைய கட்டடத்தில் முகப்புக்கு மட்டுமே பாதுகாப்பு என்று பலர் எண்ணுகிறார்கள். ஸ்காட்லாந்தின் 1997ஆம் ஆண்டுச் சட்டம் உட்புறத்தையும் காக்கிறது. கட்டடத்தின் தன்மையைப் பாதிக்கும் மாற்றத்தை அனுமதியின்றிச் செய்வது குற்றமாகும். ஆகவே பழைய கட்டடங்களில் அனுபவமுள்ள கட்டடக் கலைஞர் ஒருவரைக் கொண்டு, இப்போதைய நிலையையும் உத்தேச மாற்றத்தையும் காட்டும் வரைபடங்கள், ஒளிப்படங்கள், காரண விளக்கம் ஆகியவற்றைத் தயாரித்து நகர மன்றத்துக்கு விண்ணப்பித்தோம்.

தடுப்பு பிற்காலத்தது என்பதற்கு என்ன ஆதாரம் என்பதே அதிகாரியின் முதல் கேள்வி. ஏணியில் ஏறிப் பார்த்தபோது விடை கண்ணெதிரே இருந்தது. சுவரும் விதானமும் சேருமிடத்தில் ஓடும் சுதை வேலைப்பாட்டை வெட்டாமல், அதன் வளைவு நெளிவுகளுக்கு ஏற்பத் தடுப்பின் மேல்மூலையைத்தான் செதுக்கியிருந்தார்கள். பழைய சுவர்களில் மெல்லிய மரப்பட்டிகள்மீது சுண்ணாம்புப் பூச்சு. தடுப்பிலோ வெறும் ஜிப்சம் பலகை. அன்று வேலை செய்த தச்சர் யாரென்று தெரியாது. அவருடைய பொறுமைக்கு நன்றி சொல்லத் தோன்றியது. செதுக்கிய மேல்மூலையையும் ஜிப்சம் பலகையையும் நெருக்கத்தில் எடுத்த படங்களே எங்கள் விண்ணப்பத்துக்குப் பலம் சேர்த்தன.

சுதை வேலைப்பாட்டில் சேதம் ஏற்பட்டால் அதே வடிவில், அதே வகைச் சாந்தால் செப்பனிட வேண்டும் என்ற நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. ஒரு படுக்கையறையை இழந்தோம். பகலில் மூன்று சன்னல்களின் வெளிச்சமும் இப்போது ஒரே தரையில் விழுகிறது. குளிருக்காகச் சன்னல்களின் உட்புறம் இரண்டாம் கண்ணாடிச் சட்டம் பொருத்துவதுதான் அடுத்த வேலை. பழைய மடிப்புக் கதவுகள் தடையின்றி மூடும்படி அதை அமைக்க வேண்டியிருப்பதால், அதற்கான வரைபடங்கள் இப்போது தயாராகி வருகின்றன.