கொல்லையில் கட்டிய வேட்டி: ஏற்காட்டு நாட்குறிப்பு

ஜூலை 9

மழை விட்டு நாலு நாள் ஆகிறது. ராத்திரி எட்டு மணிக்குக் கொல்லையில் இரண்டு கொய்யா மரத்துக்கு நடுவே அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் ஒரு பல்பைத் தொங்கவிட்டேன். அரை மணி நேரத்தில் அந்துப்பூச்சிகளால் வேட்டி நிறைந்துவிட்டது. காய்ந்த இலையின் நரம்பு வரைக்கும் அப்படியே இறக்கையில் எழுதியது போல ஒன்று. பறவை எச்சம் என்று நினைத்துத் தட்டிவிடப் போனேன், கால் முளைத்து நகர்ந்தது. பாசி நிறத்தில் ஒன்று. அதன் முதுகில் பூனைக்குட்டிக்குப் போல மென்மயிர். முப்பத்தொரு வகை எண்ணினேன். அதில் பெயர் தெரிந்தது நாலே நாலு.

அந்து என்றதும் நமக்கு அரிசி டப்பாவைத் திறந்தால் பறக்கும் சாம்பல் பூச்சிதான் ஞாபகம் வருகிறது. உலகத்தில் பட்டாம்பூச்சி வகைகள் சுமார் 18,000 என்றால் அந்துப்பூச்சி வகைகள் 1,60,000. அத்தனைக்கும் சேர்த்து ஒரு கெட்ட பெயரை வைத்துவிட்டோம். வருத்தமாக இருக்கிறது.

பத்து மணிக்கு விளக்கை அணைத்தேன். அவற்றுக்கும் ராத்திரி வேலை இருக்கிறது.

ஜூலை 12

சாயங்காலம் ஆறே முக்கால். பின்கட்டுப் பப்பாளியில் ஒரு பருந்து அந்து. தேன்சிட்டு மாதிரி பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. சுருட்டி வைத்திருந்த உறிஞ்சுகுழலை நீட்டியது, அதன் உடம்பை விட நீளம். ஒரு பூவுக்கு இரண்டு நொடிகூட இல்லை. ஆண் மரத்திலிருந்து பெண் மரத்துக்குத் தாவியதைக் கண்ணால் பார்த்தேன். பப்பாளியில் மகரந்தம் சேர்ப்பதில் பெரும் பங்கு இந்தக் கூட்டத்துக்குத்தான். மரமல்லியும் பவளமல்லியும் இருட்டில் வெள்ளையாகப் பூத்து மணப்பது நமக்காக என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

ஜூலை 13

மூடுபனி. எஸ்டேட்டில் கூலிக் கணக்கு முடிக்கவே நேரம் சரியாக இருந்தது.

ஜூலை 16

மேல் தெரு விடுதியில் போன மாதம் தோட்டத்தைப் பார்த்து நாலு பெரிய விளக்கு போட்டிருக்கிறார்கள். விடிய விடிய எரிகிறது. காலையில் அந்த வழியாக நடந்தேன். சுவரடியில் செத்ததும் சாகப்போவதுமாக ஒரு முறம் அளவுக்கு. சின்னான் குருவிகள் வரிசையாக வந்து கொத்திக்கொண்டிருந்தன. துடைப்பத்தோடு நின்ற விடுதி வேலைக்கார அம்மா ஒருவர், “தினமும் இப்படித்தான் கண்ணு, கூட்டி மாளல” என்றார்.

விளக்கின் மேல் ஆசைப்பட்டு வந்து விட்டில் விழுகிறது என்று பாட்டும் பழமொழியுமாகச் சொல்லி வைத்திருக்கிறோம். 2024இல் வெளியான ஆய்வு ஒன்றில் வேகக் கேமரா வைத்துப் பார்த்திருக்கிறார்கள். இருட்டில் வெளிச்சமான பக்கம் வானம். அந்தப் பக்கம் முதுகைக் காட்டிப் பறந்தால் பூச்சி நேராகப் பறக்கும். பல்பு வந்ததும் அதையே வானமாக எடுத்துக்கொண்டு முதுகைத் திருப்பித் திருப்பிச் சுற்றுகிறது. வழியை மறித்தது நாம். இதைப் படித்த பிறகு அந்தப் பழமொழி எனக்கு வாயில் வரவில்லை.

விடுதி மேனேஜரிடம் பத்து மணிக்கு மேல் அணைக்க முடியுமா என்று கேட்டேன். விருந்தினர்கள் பயப்படுவார்களாம்.

ஜூலை 19

அப்பா வந்திருக்கிறார். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஜன்னலோரம் உட்கார்ந்தே ஏறி வந்தாராம். சேலம் அம்மாப்பேட்டையில் நாற்பது வருஷத்துக்கு மேல் வெண்பட்டு நெய்த கை. கவாத்து செய்த கொய்யாக் கிளையில் இலையோடு சுற்றி ஒரு கூடு இருந்ததைக் காட்டினேன். கட்டைவிரல் நகத்தால் தடவிப் பார்த்தார்.

“பட்டுத்தான் கண்ணு. ஆனா முரடு.”

“காட்டுப் பட்டுங்கப்பா. உள்ள பூச்சி இருக்கு.”

“பூச்சியை நான் பார்த்ததே இல்லையே.”

நான் இதை யோசித்ததே இல்லை. பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிட்டால் இழை துண்டு துண்டாகிவிடும். அதனால் அதற்கு முன்பே கூட்டைச் சூடு காட்டிக் கொன்று, வெந்நீரில் இட்டு இழை எடுக்கிறார்கள். ஒரு கூட்டில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பாவும் ஊடையுமாக அவர் கைக்கு வந்தது நூல் மட்டும். கிளையைக் கயிற்றில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டோம்.

ஜூலை 22

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் கமலா ஆரஞ்சைக் கொண்டு வந்து காட்டினார். ஊசி குத்தியது போல ஓட்டை, சுற்றிலும் அழுகல். அதுவும் ஒரு அந்துவின் வேலைதான், மறைக்கவில்லை. அதன் புழு சீந்தில் கொடியைத் தின்று வளர்வது, மரத்தடியில் அந்தக் கொடியை எடுத்துவிட்டுப் பழத்துக்குப் பை கட்டலாம் என்றேன். “மருந்தடிச்சா எல்லாமே போயிடுமேம்மா” என்று அவரே சொன்னது மனசுக்கு ஆறுதல். குருவிகள் குஞ்சுக்கு ஊட்டுவது புழுவைத்தானே.

நந்தியாவட்டையில் போன வாரம் பார்த்த பச்சைப் புழு, தலைக்குக் கீழே நீலக்கண் இரண்டு போட்டது, பழுப்பாக மாறிச் செடியை விட்டு இறங்கிவிட்டது. சருகுக்குள் எங்கோ கூட்டுப்புழுவாகக் கிடக்கும். இனி அந்த மூலையில் சருகு கூட்டிக் கொளுத்துவதில்லை.

ஜூலை 24

காலை ஒன்பது மணி. கூட்டுக்குள் கரகரவென்று கீறும் சத்தம். அப்பாதான் முதலில் கேட்டார். ஒரு முனை ஈரமாகி, நூல் விலகி, வெள்ளை மயிரோடு தலை வந்தது. பறவை இறகு போல உணர்கொம்பு, ஆண். கிளையில் ஏறித் தொங்கியபோது இறக்கை நனைந்த துணிபோலச் சுருங்கிக் கிடந்தது. மெல்ல மெல்ல விரிந்தது. இளம்பச்சை, ஓரத்தில் அரக்குக் கோடு, நாலு கண், பின்னால் முறுக்கிய இரண்டு வால். நிலவு அந்து.

இதன் அமெரிக்க உறவுக்கார இனத்தை வைத்து 2015இல் ஆய்வு செய்திருக்கிறார்கள். பறக்கும்போது சுழலும் அந்த வாலில்தான் வௌவால் ஏமாந்து கடிக்கிறது. வால் போனாலும் உயிர் பிழைக்கிறது.

“இதுக்கு வாய் எங்க கண்ணு?”

“சாப்பிடற வாய் இல்லைங்கப்பா. புழுவா இருக்கறப்ப தின்னதுதான். ஒரு வாரம் இருந்தா அதிகம்.”

சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் அவர் எழுந்து வரவில்லை. நாற்காலியை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். காலிக் கூட்டைக் கையில் வைத்து ஓட்டையைச் சுற்றி அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தார்.

ஏழரைக்கு இறக்கை நடுங்கியது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். கொய்யாவைத் தாண்டி, காப்பிச் செடிக்கு மேலாக ஏறி, மேல் தெரு வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது.

“அணைக்கச் சொன்னியே, அணைக்கலையா அவங்க?”

“இல்லைங்கப்பா.”

துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கேட்டைத் திறந்தார்.