ஓடாமலே தேய்ந்த பேரிங்

கோவைக்கு அருகே ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் என் பொறுப்பு. மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரண்டாம் ஷிஃப்டில் 20 எச்.பி. மோட்டார் ஒன்று எரிந்துபோனது. அதற்கு மாற்று மோட்டார் ஸ்டோர்ஸ் தரையில் இரண்டு வருடமாகத் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஒரு நிமிடம்கூட ஓடாத புது மோட்டார். மாட்டி ஓடவிட்டதும் கரகரவென்று கத்தத் தொடங்கியது. உள்ளே போலி பேரிங் (இரண்டு வளையங்களுக்கு நடுவே எஃகுக் குண்டுகள் உருண்டு, சுழலும் தண்டைத் தாங்கும் பாகம்) போட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டி, விற்றவருக்குக் காரசாரமாக ஒரு கடிதமும் எழுதிவிட்டேன்.

அதை அனுப்புவதற்குள் எங்கள் மூத்த ஃபிட்டர் அண்ணன் அந்த 6309 பேரிங்கைக் கழற்றி, வெளிவளையத்தைக் கட்டிங் வீலில் அறுத்து எடுத்துவந்தார். குண்டு ஓடும் பள்ளத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்க்கச் சொன்னார். நகம் தடுக்கியது. மூன்று நான்கு தழும்புகள். குண்டுக்கும் குண்டுக்கும் எவ்வளவு இடைவெளியோ அதே இடைவெளியில், அதுவும் ஒரு பக்கத்தில் மட்டும். கிரீஸில் செங்கல் பொடி கலந்தது போலச் சிவப்பு.

“ஓடித் தேய்ந்தால் தடம் நீளமாக விழும், தம்பி. இது கிடந்த இடத்திலேயே தேய்ந்திருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது?” என்றார்.

கம்ப்ரசர் அறை இருந்தது.

மோட்டாருக்குள் சுழலும் ரோட்டாரின் எடை முழுவதையும் அடிப்பக்கக் குண்டுகள்தான் தாங்குகின்றன. இரவும் பகலும் கம்ப்ரசர் ஓடித் தரை அதிர அதிர, அவை மயிரிழை அளவுக்கு அசைந்துகொண்டே இருந்திருக்கின்றன. இடையிலிருந்த கிரீஸ் ஒதுங்கி, இரும்பும் இரும்பும் உரசிப் பள்ளமாகிவிட்டது. 1930களிலேயே அமெரிக்காவில் ரயிலேற்றி அனுப்பிய புதுக் கார்களின் சக்கர பேரிங்குகளில் இதே தழும்பைக் கண்டிருக்கிறார்கள் என்று பிற்பாடு படித்தேன். ஸ்டோர்ஸில் சும்மா கிடந்து கெடுவது பெயின்ட்டும் ரப்பரும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் பேரிங் அலமாரியைக் காலி செய்து பார்த்தேன். ஒரு 6205 டப்பாவில் உறை கிழிந்திருந்தது. அளவு பார்க்க யாரோ வெறுங்கையால் எடுத்திருக்கிறார்கள். அளவைச் சொல்லும் எண் டப்பாவிலேயே அச்சாகியிருக்க, பிரிக்கவே தேவையில்லை. வளையத்தின் மேல் கட்டைவிரல் வடிவத்தில் துரு, ரேகை வரை தெளிவாக. ஆளைத் தேட நான் முனையவில்லை. அது என் விரலாகவும் இருக்கலாம்.

நூல் அறுந்துபோகாமல் இருக்க ஆலைக்குள் ஈரக் காற்று வேண்டும். அந்தக் காற்றைக் கொண்டுபோகும் குழாய் எங்கள் கூரைக்கடியில்தான் போகிறது. ஈரமானி வாங்கி மாட்டினால் 74 சதவீதம் காட்டியது. பேரிங் வைக்கும் இடத்தில் 60ஐத் தாண்டக் கூடாது. பெரிய ரோலர் பேரிங்குகளை நாங்கள் லாரி டயர் போல நிறுத்தி வேறு வைத்திருந்தோம். அவற்றைப் படுக்கவைக்க வேண்டும். நிறுத்தினால் தன் எடையிலேயே வளையம் நெளியக்கூடும்.

மறு கோடியில் பூட்டிக் கிடந்த பழைய டைம் ஆபீஸ் அறையைக் கேட்டேன். கிடைத்தது. ஏ.சி. கேட்டதற்குச் சிரித்தார்கள். அறுத்த வளையத்தை மேஜையில் வைத்து, எல்லோரையும் நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்ன பிறகு, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றுக்குக் கையெழுத்து விழுந்தது. இப்போது 55க்கு மேல் போவது அபூர்வம்.

பழக்கங்களை மாற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. புது பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவிப் பளபளப்பாக்கி, கழிவுப் பஞ்சால் துடைத்து மாட்டுவதைப் பயிற்சிப் பையன்கள் பெருமையாகச் செய்துவந்தார்கள். அவர்கள் கழுவிப் போக்கியது துருப் பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெய். வழக்கமான கிரீஸோடு ஒத்துப்போகும், கழுவ வேண்டியதில்லை. பஞ்சு இழை உள்ளே போனால்தான் வம்பு. மாட்டுகிற நேரம் வரை உறையைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்தது. இரு பக்கமும் மூடிய பேரிங்குகளுக்குள் இருக்கும் கிரீஸுக்கும் வயதாகும் என்பதால், வந்த தேதியை மார்க்கரால் எழுதிப் பழையதை முன்னால் வைக்கிறோம். முன்பெல்லாம் புதிதாக வந்தது முன்வரிசையில் உட்காரும். பழையது பின்னாலேயே கிடந்து முதுமை அடையும்.

மாற்று மோட்டார்கள் இப்போது தடித்த ரப்பர் பாய் மேல் இருக்கின்றன. மாதம் பிறந்ததும் ஒவ்வொன்றின் ஷாஃப்டையும் கையால் சில சுற்றுச் சுற்றி, போன மாதம் நின்ற இடத்திலேயே மறுபடி நிற்காதபடி சாக்பீஸால் கோடு போட்டு வைக்கிறேன். கம்ப்ரசர் சுவரோரத்தில் துடைப்பங்களும் தகர வாளிகளும் இருக்கின்றன.