மானியக் கோப்பிலிருந்து நடவுக்குழி வரை: ஒரு தணிக்கை அனுபவம்

பல வருடம் நிதித் தணிக்கையில் இருந்துவிட்டு, முதல்முறையாகச் செயல்திறன் தணிக்கைக்கு என்னை அனுப்பினார்கள். ஓடைக்கரைகளில் மரம் நடவும் சதுப்பு நிலங்களை மீட்கவும் அரசு கொடுக்கும் மானியத் திட்டம் அது. நிதித் தணிக்கை என்றால் பணம் விதிப்படி செலவானதா என்று பார்த்தால் போதும். இங்கே சிக்கனம், திறன், பயன் மூன்றையும் பார்க்க வேண்டும். உச்ச தணிக்கை நிறுவனங்களின் பன்னாட்டு அமைப்பான இன்டோசாய், சுற்றுச்சூழல் தணிக்கைக்கென்றே 1992இல் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அதன் வழிகாட்டிகளைப் படிப்பதிலேயே முதல் வாரம் போய்விட்டது.

அப்புறம் மாதிரிக் கோப்புகள் எடுத்தோம். நிராகரித்த விண்ணப்பங்களையும் சேர்த்து எடுக்கச் சொன்னார் குழுத்தலைவி. அதன் அருமை மூன்றாம் நாள் புரிந்தது. ஒரு மதிப்பெண் தாளில் 61 என்பது கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் 74 என்று எழுதியிருந்தது. தகுதிக்கோடு 70. திருத்தியவர் கையெழுத்து இல்லை, தேதி இல்லை, காரணமும் இல்லை. அதே சுற்றில் 69 வாங்கிய இன்னொருவருக்கு மானியம் கிடைக்கவில்லை. சலுகை காட்டினார்கள் என்று நாங்கள் எழுத முடியாது, அதற்குச் சான்று வேண்டும். முடிவு நியாயமானது என்று காட்ட ஆவணம் இல்லை என்று மட்டும் எழுதினோம். அந்த 69 இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

கணக்கெல்லாம் சரியாகவே இருந்தது. பயன்பாட்டுச் சான்றிதழ், ரசீது, நடவுப் புகைப்படம், எதிலும் குறை சொல்ல இடமில்லை. செயற்கைக்கோள் படமும் பார்த்தோம். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒவ்வொரு புள்ளியும் தரையில் 10 மீட்டர் அகலம். சதுப்பில் தண்ணீர் நிற்கிறதா என்று அதில் தெரியும், கன்று பிழைத்ததா என்று தெரியாது. சரி, நேரில் போவோம் என்று கிளம்பினோம்.

நட்டு இரண்டு வருடமான ஓடைக்கரை அது. பத்துக்குப் பத்து மீட்டர் கட்டங்களாக நாடா பிடித்து எண்ணினோம். கன்றுகளைச் சுற்றி வைத்த காப்புக் குழாய்கள் வரிசையாக நின்றன. குனிந்து உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் காய்ந்த குச்சி, சிலவற்றில் அதுவும் இல்லை. மானியம் வாங்கிய பெரியவர் கூடவே நடந்துவந்தார். "நட்டதுக்குத்தான் பணம் குடுத்தாங்க. தண்ணி ஊத்துறதுக்கு யாரு குடுத்தா?" என்று கேட்டார்.

அலுவலகம் திரும்பி ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. நடவு முடிந்ததும் கடைசித் தவணை. பராமரிப்புக்குத் தொகை இல்லை, எத்தனை கன்று பிழைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. அவர் ஒரு விதியையும் மீறவில்லை. தவறு திட்டத்தை வகுத்த இடத்தில் இருந்தது. அறிக்கையில் அவர் பக்கம் குறை விழுந்துவிடக் கூடாதென்று அந்தப் பத்தியை நான்கு முறை மாற்றி எழுதினேன்.

நிறைவுக் கூட்டத்தில், நடவு எண்ணிக்கைதான் இலக்கு என்று துறையினர் வாதாடினார்கள். நாங்கள் கட்டம் கட்டமாக எண்ணிய தாள்களை மேசையில் வைத்தோம். வறண்ட பருவம் ஒன்று கடந்தபின் கன்றுகளை எண்ணிவிட்டே கடைசித் தவணையைக் கொடுக்க வேண்டும், பராமரிப்புக்குத் தனித்தொகை வேண்டும் என்று பரிந்துரைத்தோம். அடுத்த சுற்று ஒப்பந்தப் படிவத்தில் இரண்டும் வந்துவிட்டன. மதிப்பெண் தாள் பற்றிய குறிப்புக்கு இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன்.